சும்மா நடந்துட்டு வரலாம், வா!

“நாள் பூரா சமையலறைக்கும் மொட்டை மாடிக்குமா நடந்துக்கிட்டேதானே இருக்கோம்? இதுக்கு மேல தனியா ‘வாக்கிங்’ வேற போகணுமாக்கும்!” என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் தெரியுமா? 2023-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் வரைக்கும் நானும் இதே கட்சிதான். கட்சி மாறினது எங்கே என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஜெர்மனியில், ஒரு புதர்க்காட்டில்! அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். சொல்லும்போது என்னுடைய குற்றம் ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப் போகிறேன்?

என் பெண்ணும் மாப்பிள்ளையும் ஹாம்பர்க் நகரத்தில் இருக்கிறார்கள். அவளுக்கு அது முதல் பிரசவம். ஜூன் மாதம் நாள் குறித்திருந்தார்கள். மூன்று மாத விசா வாங்கிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தேன். பெட்டியில் பாதிக்கு மேல் சுக்கும் பூண்டும் பிரசவ லேகியமும்தான்! சுகப்பிரசவம். பேரன் பிறந்தான். எல்லாம் நல்லபடியாக நடந்தது என்றுதான் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

அந்த ஊரில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பிரசவமாகி வீட்டுக்கு வந்த பிறகு மருத்துவச்சி வீடு தேடி வருகிறார். முதல் பத்து நாள் தினமும் வரலாம். பிறகு 12 வாரம் வரைக்கும் இடைவெளி விட்டு வருவார். செலவெல்லாம் அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டில் அடக்கம். எங்களுக்கு வாய்த்த அம்மாள் ஐம்பதைத் தாண்டியவர். சைக்கிளில் வருவார். குழந்தையின் தொப்புளைப் பார்ப்பார், எடை போடுவார், தாயின் தையலைப் பார்ப்பார். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு என் பெண்ணோடு பத்து நிமிஷம் பேசுவார். ‘பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு, பிறகென்ன பேச்சு?’ என்று எனக்குத் தோன்றும்.

ஒரு மாதம் போயிற்று. என் பெண் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கும். குழந்தை தூங்கும், இவள் தூங்க மாட்டாள். ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிள்ளை அழுதால் எழுந்து போய்ப் பால் கொடுப்பாள். முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. எனக்கோ கோபம் கோபமாக வந்தது. ‘வேளா வேளைக்குப் பொங்கிப் போடறேன், பிள்ளையைக் குளிப்பாட்டறேன், துணி துவைக்க மெஷின் இருக்கு, தாங்குகிற புருஷன் இருக்கான். இவளுக்கு என்ன குறை?’

ஒருநாள் வாயை விட்டுவிட்டேன். “நாங்க எல்லாம் கூட்டுக் குடும்பத்துல எட்டுப் பேருக்குச் சமைச்சுக்கிட்டுத்தான்டி பிள்ளை வளர்த்தோம்!”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் மருத்துவச்சி அம்மாள் கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்: “உங்கள் பெண் டாக்டரைப் பார்க்க வேண்டும். இப்போதைக்கு வேண்டாம் என்கிறாள். நான் மறுபடியும் சொல்கிறேன். அதுவரைக்கும் தினமும் அவளை வெளியே அழைத்துக்கொண்டு போங்கள். கேள்வி கேட்காதீர்கள். கூட நடங்கள், போதும்.”

“பச்சை உடம்புக்காரியாச்சே, காத்து படலாமா?” என்று நான் கேட்டேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, “நல்ல காற்று படட்டுமே!” என்றார்.

முதல் நடை: துடைப்பச் செடி பூக்கும் மேடு

ஹாம்பர்க் நகரத்தின் தெற்கு ஓரத்திலேயே ஃபிஷ்பெக் என்று ஒரு இடம். நகர ரயிலில் போய் இறங்கி ஒரு பஸ் பிடித்தால் போதும். ஆகஸ்ட் முதல் வாரம், சனிக்கிழமை. பேரனை ஒரு நீளத் துணியால் மாப்பிள்ளை தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். நம் தூளியை ஆள் மேல் கட்டினது போல இருந்தது!

பஸ் நிறுத்தத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்ததும் வீடுகள் நின்றுபோய், எதிரே ஒரே மணல் மேடு. மேடு முழுக்க முழங்கால் உயரத்துக்குப் புதர்ச் செடிகள். இந்த மாதிரி வெளிக்கு ஜெர்மன் பாஷையில் ‘ஹைடே’ என்று பெயர். ஹாம்பர்க், பிரேமன், ஹனோவர் என்ற மூன்று நகரங்களுக்கு நடுவே பரந்து கிடக்கிற இந்த நிலப்பரப்புக்கு லூனெபுர்க் ஹைடே என்று சொல்கிறார்கள். அந்தச் செடிதான் ஹெதர். தண்டு விறகுக் குச்சி மாதிரி. பூவோ அரிசி அளவுதான். ஆனால் லட்சக்கணக்கில் பூத்துவிட்டால் பூமியே கத்தரிப்பூ நிறமாகிவிடுகிறது! இதைக் கட்டி அந்தக் காலத்தில் வீடு பெருக்குவார்களாம். அதனால் ஜெர்மன் பெயரே ‘துடைப்ப ஹைடே’. கேட்டதும் அந்தச் செடியோடு எனக்கு ஒரு உறவு வந்துவிட்டது, போங்கள்!

‘8-8 முதல் 9-9 வரை’ என்று அங்கே ஒரு கணக்கு உண்டு. அதாவது ஆகஸ்ட் 8-ஆம் தேதி பூக்கத் தொடங்கி, செப்டம்பர் 9-ஆம் தேதி முடியுமாம். நாங்கள் போனபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூத்திருந்தது.

இந்த ஃபிஷ்பெக்கிலிருந்துதான் ஒரு நெடும் நடைபாதை புறப்படுகிறது. செல்லே என்ற ஊர் வரைக்கும் 223 கிலோமீட்டர்! 2012-இல் திறந்தார்கள். காடு, புதர்வெளி, ஓடை என்று போகிற பாதை. வழி தவறாமல் இருக்க மரத்துக்கு மரம் ‘எச்’ என்ற எழுத்து. முதுகில் மூட்டையோடு வந்த எழுபது வயசுப் பாட்டி தாத்தாவெல்லாம் எங்களைப் பார்த்து, “மொயின்!” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வடக்கு ஜெர்மனியில் காலையானாலும் சாயங்காலமானாலும் வணக்கத்துக்கு அந்த ஒரே வார்த்தைதான்.

நாங்கள் நடந்தது நாற்பது நிமிஷம். என் பெண் வாயே திறக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி ரசம் சாதம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் எதுவும் சொல்லாமல் ஊற்றினேன்.

மறுநாளிலிருந்து தினமும் இருபது நிமிஷம், வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா வரைக்கும் நடை. மழை தூறினாலும் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு போனோம். அந்த ஊரில் மழைக்குப் பயந்தால் வருஷத்தில் பாதி நாள் வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும்!

இரண்டாவது நடை: ஆடுகள் காத்த பூமி

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் உண்டெலோ என்ற கிராமத்துக்குக் காரில் போனோம். அங்கே காரை நிறுத்திவிட வேண்டியதுதான். அடுத்த ஊரான வில்ஸேடேவுக்குப் பயணிகளின் கார் போகக்கூடாது. நடந்து போகலாம், சைக்கிளில் போகலாம், இல்லாவிட்டால் குதிரை வண்டி. சுமார் 4 கிலோமீட்டர் தூரம். காடும் வெட்டவெளியும் மாறி மாறி வருகிற பாதை. பைன் மரத்தடியில் நடக்கும்போது காலடிச் சத்தமே கேட்பதில்லை; ஊசி ஊசியாக உதிர்ந்த இலைகள் மெத்தை போட்டிருக்கின்றன. காட்டை விட்டு வெளியே வந்தோம்... அடேயப்பா! கண்ணுக்கு எட்டின மட்டும் கத்தரிப்பூ நிறம். நடுநடுவே கரும்பச்சையாக ஜூனிபர் மரங்கள், ஆள் நிற்கிற மாதிரி. காற்றில் தேன் வாசனை.

தேனீப் பெட்டிகளும் பார்த்தோம். பூக்கும் காலத்தில் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிகளை இங்கே கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். ஹெதர் தேன் லேசில் வழியாது. கரண்டியில் எடுத்தால் ஜெல்லி மாதிரி அப்படியே நிற்கும்.

அப்புறம் வந்தது ஆட்டு மந்தை. ஹைட்ஷ்னுக்கே என்று அந்த மண்ணுக்கே உரிய சாதி. சாம்பல் நிற நீள முடி, கறுப்பு முகம், வளைந்த கொம்பு. பெண் ஆட்டுக்கும் கொம்பு உண்டு! குட்டி பிறக்கும்போது கன்னங்கரேல் என்று இருக்குமாம். வளர வளரத்தான் சாம்பல் நிறம்.

பாதையோரம் ஒரு விவரப் பலகை. மாப்பிள்ளை படித்துப் படித்துச் சொன்னார். இந்த வெளி இயற்கையாக வந்தது இல்லையாம். ஆதியில் எல்லாம் காடுதான். ஆயிரக்கணக்கான வருஷங்களாக மனிதர்கள் மரத்தை வெட்டினார்கள், ஆடு மேய்த்தார்கள். மேல்மண்ணைச் செடியோடு பெயர்த்துக் கொண்டுபோய்த் தொழுவத்தில் பரப்பி, பிறகு அதையே வயலுக்கு எருவாகப் போட்டார்கள். சத்துப் போன மணலில் ஹெதர் மட்டும் பிழைத்தது. மரக்கன்று முளைத்தால் ஆடு கடித்துவிடும். அதனால்தான் வெளி வெளியாகவே இருக்கிறது. மேய்ச்சல் நின்றுபோனால் கொஞ்ச வருஷத்திலேயே பைனும் பிர்ச்சும் முளைத்து மறுபடி காடாகிவிடும்!

அப்படித்தான் 19-ஆம் நூற்றாண்டில் ஆகிக்கொண்டு வந்தது. கடல் தாண்டி மலிவான கம்பளி வந்தது, கடையில் ரசாயன உரம் வந்தது. ஆட்டுக்கு மதிப்பு போயிற்று. வெளிகளில் பைன் நட்டார்கள். மிச்சம் இருந்த அழகான இடங்களிலும் விடுமுறை வீடு கட்ட ஆட்கள் கிளம்பினார்கள். அப்போது எகெஸ்டார்ஃப் ஊர்ப் பாதிரியார் வில்ஹெல்ம் போடே என்பவர் விழித்துக்கொண்டார். 1906-இல் ஒரு பேராசிரியரைப் பிடித்து, 6,000 மார்க் கொடுக்கச் செய்து, டோட்டன்கிரண்ட் என்ற பள்ளத்தாக்கை விலைக்கு வாங்க வைத்தார். 1909-இல் இதற்கென்று சங்கம் ஏற்பட்டது. 1910-இல் வில்ஸேடே குன்றும் கைக்கு வந்தது. இன்றைக்கு 230 சதுர கிலோமீட்டருக்கு மேல் பாதுகாக்கப்பட்ட இடம்.

என் பெண் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “பார்த்தா தானா வளர்ந்த மாதிரி இருக்கு. ஆனா யாராவது ஓயாம கவனிச்சுக்கிட்டே இருக்கணும் போல, இல்லே?” என்றாள்.

இரண்டு வாரத்தில் அவள் பேசின முதல் நீளமான வாக்கியம் அது. நான் அதன் அர்த்தத்தை யோசிக்கவில்லை. “ஆமாண்டி, ஆடு மேய்க்கிறது லேசா?” என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவள் எதைச் சொன்னாள் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

வில்ஸேடே குன்று 169 மீட்டர் உயரம்தான். அந்தச் சமவெளிக்கு அதுவே பெரிய மலை! பனி யுகத்தில் பனிப்பாறைகள் தள்ளிக்கொண்டு வந்து குவித்த மணலும் கல்லும்தான் இந்த மேடு. நான் மூச்சு வாங்கிக்கொண்டே ஏறினேன். கீழே இறங்கி வந்து கிராமத்துச் சத்திரத்தில் பக்வீட் கேக் சாப்பிட்டோம். பெயரில் வீட் இருந்தாலும் இது கோதுமை இல்லை. வேறு செடியின் முக்கோண விதை. வட இந்தியாவில் விரத நாளில் குட்டு மாவு என்று சமைக்கிறார்களே, அதேதான். நடுவில் புளிப்பும் இனிப்புமான சிவப்புப் பழ ஜாம், மேலே பாலாடை. திரும்பும்போது குதிரை வண்டி.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேடிக்கை. என் முழங்காலுக்குப் பின்னால் கடுகு அளவு கறுப்பாக ஒன்று. மச்சம் என்று நினைத்தால், உண்ணி! அந்தப் பக்கத்துக் காடு, புல்வெளி எல்லாவற்றிலும் உண்ணி உண்டு. சில உண்ணிகள் லைம் என்ற நோயைக் கொடுத்துவிடும். மாப்பிள்ளை ஒரு சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெதுவாக இழுத்து எடுத்தார். எண்ணெய் தடவுவது, நெருப்புக் காட்டுவது எல்லாம் கூடாதாம். அதற்குப் பிறகு சில வாரம் அந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். சிவப்பு வளையம் பரவினால் டாக்டரிடம் ஓட வேண்டும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கலாட்டாவில் என் பெண் சிரித்தாள்! உண்ணிக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொன்னேன்.

மூன்றாவது நடை: பலகைப் பாதை

நான் ஊருக்குக் கிளம்ப மூன்று நாள் இருந்தது. மாப்பிள்ளை எங்களை ஷ்னேஃபர்டிங்கன் என்ற ஊருக்கு அழைத்துப் போனார். அதையொட்டி பீட்ஸ்மோர் என்று ஒரு சதுப்பு நிலம். அதற்குப் பக்கத்திலேயே ஆஸ்டர்ஹைடே என்ற வெளி, பூத்துக் கிடந்தது. உலக யுத்தத்துக்குப் பிறகு 1994 வரைக்கும் அங்கே பிரிட்டிஷ் ராணுவத்தின் டாங்கிகள் ஓடிப் பயிற்சி செய்தன. செடி கொடி இல்லாமல் வெறும் மணலாகக் கிடந்த இடமாம். மறுபடி ஹெதர் கொண்டுவந்திருக்கிறார்கள். சொன்னால்தான் தெரியும்.

பீட்ஸ்மோரில் வேறு உலகம். எட்டாயிரம் வருஷம் பழசான சதுப்பு. ஸ்பாக்னம் என்ற பாசி தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொண்டு மேலே வளரும். அடியில் இருப்பது மக்காமல் அப்படியே அமுங்கிக்கொண்டே போகும். அதுதான் பீட். ஒரு மில்லிமீட்டர் சேர ஏறக்குறைய ஒரு வருஷம்! சில இடங்களில் ஏழு மீட்டருக்கு மேல் ஆழம். 1960-கள் வரைக்கும் வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்திருக்கிறார்கள். வெட்டுவதற்காக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்ததில் சதுப்பு காய்ந்துபோயிற்று. 1970-களிலிருந்து அந்த வாய்க்கால்களை அடைத்து, மறுபடி தண்ணீரைத் தேக்கி உயிர் கொடுக்கிறார்கள். கறுப்புக் காப்பி மாதிரி தண்ணீர். அதில் பட்டுப்போன பிர்ச் மரங்கள் வெள்ளை வெள்ளையாக நிற்கின்றன. பூச்சியைப் பிடித்துத் தின்னுகிற குட்டிச் செடிகூட உண்டு. விரியன் இனப் பாம்பும் இருப்பதால் பாதையை விட்டு இறங்கக்கூடாது.

பாதை என்றால் மரப்பலகைதான். சதுப்பின் மேலேயே சுமார் 5 கிலோமீட்டர் சுற்றி வருகிறது. பக்கத்தில் பக்கத்தில் நடக்க வசதிப்படாது, எதிரே ஆள் வந்தால் ஒதுங்க வேண்டும். பேரனோடு மாப்பிள்ளை முன்னால் போய்விட்டார். நடுவில் நான். பின்னால் என் பெண்.

பலகை தடக் தடக் என்று சத்தம் போட்டது. வேறு ஓசையே இல்லை. திடீரென்று முதுகுக்குப் பின்னால் அவள் குரல்.

“அம்மா, திரும்பிப் பார்க்காதே. நடந்துக்கிட்டே கேளு.”

நடந்தேன்.

“அவன் அழறப்போ எனக்கு ஒண்ணுமே தோணலைம்மா. பால் கொடுக்கிறேன், துணி மாத்தறேன். வேற யாரோட குழந்தையோ மாதிரி இருக்கு. அவன் தூங்கறப்போ, நான் இல்லாம போயிட்டா இவன் நல்லா இருப்பான்னு தோணுது. நான் கெட்டவளா அம்மா?”

சகோதரிகளே, என் கால் அந்தப் பலகையில் எப்படி நகர்ந்தது என்று எனக்கே தெரியாது. திரும்பிக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ‘அசடு, என்ன பேச்சு பேசறே!’ என்று அதட்டவும் வாய் வந்தது. இரண்டையும் செய்யவில்லை. அந்த மருத்துவச்சி சொன்னதுதான் ஞாபகம் வந்தது. கூட நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும், முப்பத்தோரு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்று என் வாயிலிருந்து வந்தது. “உன்னைப் பெத்து நாப்பது நாள் ஆனப்புறம், தினம் துணி துவைக்கிற கல்லுக்கிட்டே உட்கார்ந்து அழுவேன்டி. தண்ணி திறந்து விட்டுக்குவேன், யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு. எதுக்கு அழறேன்னு எனக்கே தெரியாது. ஒருநாள் உன் பாட்டி பார்த்துட்டா. ‘அழுதா பால் வத்திடும்’னா. அதுக்கப்புறம் அழறதையும் விட்டுட்டேன். நீ கெட்டவ இல்லை. உனக்கு உடம்பு சரியில்லை. நான்தான் பார்க்கத் தெரியாம உன்னைத் திட்டினேன்.”

அவள் பதில் சொல்லவில்லை. பின்னாலிருந்து என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயசில் சந்தைக்குப் போகும்போது பிடிப்பாளே, அந்த மாதிரி. பாக்கிப் பாதை முழுக்க அப்படியே நடந்தோம்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை மருத்துவச்சிக்குப் போன் செய்தார். மறுநாள் காலையில் டாக்டரிடம் போனோம். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு என்றார்கள். பேசிக் குணப்படுத்தும் சிகிச்சை, கூடவே பால் கொடுக்கிற தாய்க்கு ஏற்றதாக டாக்டர் பார்த்துக் கொடுத்த மாத்திரை. ஒரே வாரத்தில் சரியாகவில்லை, மாதக்கணக்கில் ஆயிற்று. என் விசா முடிந்ததால் அழுதுகொண்டே விமானம் ஏறினேன். மாப்பிள்ளை லீவு போட்டு வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டார். இப்போது நன்றாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூன்று பேரும் நடக்கப் போய்விடுகிறார்கள். பேரனுக்கு ஆட்டு மந்தையைப் பார்த்தால் கால் தரையில் நிற்பதில்லையாம்!

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளை பெற்ற சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை என்றால், சாப்பாடு பிடிக்காமல், குழந்தை மேல் பிடிப்பே வரவில்லை என்றால், அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிரசவமான பெண்களில் 100-க்கு 13 பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது. பெரும்பாலும் இந்த மனச்சோர்வுதான். நம் தெருவிலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்! ‘நான் இல்லாமல் போனால் நல்லது’, ‘குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ’ என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். அவளைத் தனியாக விடக்கூடாது. நம் நாட்டில் டெலி-மானஸ் என்று மத்திய அரசின் இலவசத் தொலைபேசி உதவி இருக்கிறது. எண் 14416. ராப்பகலாக எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

நடை அந்த நோய்க்கு மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. மருந்து டாக்டரிடம்தான். ஆனால் டாக்டரிடம் போக வாய் திறக்க வேண்டுமே? எதிரே உட்கார்ந்து, “என்னடி ஆச்சு, சொல்லு!” என்று கேட்டால் யாருக்கும் வாய் திறக்காது. கூட நடந்தால், கண்ணைப் பார்க்க வேண்டாத சௌகரியத்தில், தானாக வருகிறது. அதை நான் அந்தச் சதுப்பு நிலத்தில் கற்றுக்கொண்டேன்.

சுகப்பிரசவம் என்றால், உடம்பு இடம் கொடுத்தவுடன் மெள்ள மெள்ள நடக்கத் தொடங்கலாம். முதலில் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் போதும். ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு நடையை நீட்டுங்கள். கனம் தூக்க வேண்டாம். நடக்கும்போது உதிரப்போக்கு அதிகமானாலோ, வலி வந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், பால் கொடுக்கிறவர்கள் முக்கியமாக. செருப்பு வழுக்காததாக இருக்கட்டும்.

அந்த வாசகிக்கு என் பதில் இதுதான்: சமையலறைக்கும் மாடிக்கும் நடப்பது வேலைக்காக. ஒரு இருபது நிமிஷமாவது நமக்காக நடக்கலாமே! புதர்க்காடும் சதுப்பும் வேண்டாம். குளத்தங்கரை, கோயில் பிராகாரம், தெருக்கோடி, எது இருக்கிறதோ அது. தனியாகப் போகாதீர்கள். பிள்ளை பெற்று வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற மகளோ மருமகளோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ இருந்தால், அவளையும் கூப்பிடுங்கள். குழந்தையை வீட்டில் யாராவது பார்த்துக்கொள்ளட்டும். “என்ன குறை உனக்கு?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

பக்வீட் கேக்கை இங்கே குட்டு மாவு வாங்கிக் குக்கரில் செய்து பார்த்தேன். முதல் தடவை செங்கல்! இரண்டாம் தடவை தேறிவிட்டது. செய்முறை அடுத்த இதழில்.